ஐந்து சின்னப்பாக்கள்

நமக்குச் சினிமா பார்க்கத் தெரியாது என்று நமது வீட்டில் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியிருக்கிறது. பிரேரணை செய்தவன் பன்னிரண்டு வயதுப் பேரன். ஆமோதித்தவள் அவனுடைய தங்கை. தலைமை வகித்தவர் இல்லத்தரசியார். எதிர்த்து வாக்களிக்கக்கூடிய ஒரே அங்கத்தினர் குற்றவாளிக் கூண்டில் நின்றபடியால், அவருக்கு வாக்குரிமை கிடையாது என்று விதி செய்துவிட்டார்கள்.

குற்றம் இதுதான். கோடை விடுமுறைக்குக் கோயமுத்தூர் வந்த குழந்தைகள், குளிர்சாதனமும் பல திரைகளும் கொண்ட ஒரு மாளிகைக்கு நம்மை அழைத்துச் சென்றார்கள். இருட்டில் படம் ஆரம்பமாயிற்று. ஒரு மலை பிளந்தது. அதிலிருந்து ஏதோ ஒரு ஜந்து புறப்பட்டு வந்தது. பிறகு சமுத்திரம் எழும்பி ஒரு நகரத்தையே விழுங்கிற்று. லட்சக்கணக்கான ஜனங்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள். அந்த அலறலையும் மீறிக்கொண்டு ஒரு சப்தம் கேட்டதாகவும், அது நமது குறட்டைதான் என்றும் பேரன் சாட்சி சொல்கிறான்.

"இத்தன கோடி செலவு பண்ணி எடுத்திருக்கறாங்க, நீங்க தூங்கறீங்களே அப்புச்சி!" என்றான்.

நியாயமான கேள்விதான். ஒரு நகரம் மூழ்கும்போது ஒரு மனிதன் தூங்கலாமா? நாம் கல்நெஞ்சர் அல்ல. வாய்க்காலில் ஓர் ஆட்டுக்குட்டி விழுந்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கக்கூடியவர்தான். அப்படியிருக்க, அந்த லட்சம் பேர் ஏன் நமது தூக்கத்தைக் கலைக்கவில்லை? இரண்டு நாள் யோசித்துப் பார்த்தோம். மூன்றாம் நாள் சாயங்காலம், பதில் சொல்லும் பொறுப்பைப் பி. யு. சின்னப்பாவிடம் ஒப்படைத்துவிட்டோம்.

1944-ல் வெளிவந்த 'ஜகதலப்ரதாபன்' என்னும் படத்தை நேயர்களில் பெரியவர்கள் அறிந்திருப்பார்கள். நமது ஊர் எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு டைரக்ட் செய்த படம். அதில் ஒரு கச்சேரி வருகிறது. பாடுகிறவர் சின்னப்பா. பக்கவாத்தியம் வாசிக்கிறவர்களைப் பார்த்தால் அவர்களும் சின்னப்பா. கொன்னக்கோல் சொல்கிறவர் யாரென்று பார்த்தால் அவரும் சின்னப்பாவே. ஆக ஐந்து சின்னப்பாக்கள் ஒரே சமயத்தில் ஒரே திரையில் உட்கார்ந்து, ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டு, தாளம் பிசகாமல் கச்சேரி செய்கிறார்கள்.

வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியில் இந்தக் கச்சேரியைப் போட்டுவிட்டுப் பேரனுடைய முகத்தைக் கவனித்துக்கொண்டிருந்தோம். முதலில் அவன் கையில் முறுக்கு இருந்தது. அது வாய்க்குப் போகும் வழியில் நின்றுவிட்டது. எழுந்து பெட்டியின் அருகே போனான். ஒவ்வொரு சின்னப்பாவையும் விரலால் தொட்டு எண்ணினான்.

"இதுல நெசமான சின்னப்பா ஆருங்க அப்புச்சி?"

"ஐந்து பேரும்தான்" என்றோம்.

சமுத்திரம் எழும்பி நகரத்தை விழுங்கியபோது அவன் இப்படி ஒரு கேள்வி கேட்கவில்லை என்பதை இங்கே குறித்துவைக்கிறோம்.

அந்தக் காலத்தில் இத்தகைய தந்திரக் காட்சியை எடுக்க இருந்த வழி இது. காமிராவை அசையாதபடி தரையோடு பொருத்திவிட வேண்டும். லென்ஸுக்கு முன்னால் கறுப்பு அட்டையை வைத்து, ஒரு பகுதியைத் தவிர மற்றதையெல்லாம் மறைத்துவிட வேண்டும். திறந்திருக்கும் பகுதிக்கு நேரே நடிகர் உட்கார்ந்து தமது வேலையைச் செய்வார். அந்த அளவுக்கு மட்டும் பிலிமில் படம் விழும். பிறகு, எத்தனை கட்டங்கள் ஓடினவோ அத்தனையையும் எண்ணி, பிலிமைப் பின்னோக்கிச் சுற்றவேண்டும். அட்டையை மாற்றவேண்டும். நடிகர் உடையை மாற்றிக்கொண்டு அடுத்த இடத்தில் உட்காருவார். மறுபடி அதே பிலிம் ஓடும். தனித்தனியே படம் பிடித்து, அச்சு எடுக்கும் இயந்திரத்தில் ஒன்று சேர்ப்பது இன்னொரு வழி. எந்த வழியாயிருந்தாலும் காமிரா மயிரிழை அசையக்கூடாது. விளக்கின் வெளிச்சம் கூடக் குறையக்கூடாது. ஐந்தாவது தடவையில் நடிகருக்கு ஒரு தும்மல் வந்துவிட்டால், முன்னே செய்த நான்கு தடவை வேலையும் வீண்.

யுத்த காலம் அது. பிலிம் கிடைப்பதே அருமை. ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாதென்று சர்க்கார் கட்டுப்பாடு விதித்திருந்தார்கள். நிமிஷத்துக்கு 90 அடி என்று கணக்கிட்டால் சுமார் இரண்டு மணி நேரம். முன்னே அதைப்போல் ஒன்றரை மடங்கு நீண்ட படங்களை எடுத்துப் பழகியவர்களுக்கு ஒவ்வோர் அடியும் ஒரு படி அரிசி மாதிரி. அத்தகைய பஞ்சத்தில், ஒரு தும்மலுக்குப் பயந்துகொண்டு, ஐந்து பேரை உட்காரவைத்துப் பார்த்துவிடுவது என்று துணிந்தார்கள்!

இதில் நமக்கு அதிசயமாய்த் தோன்றுவது காமிரா வேலை மட்டுமன்று. பாடுகிற சின்னப்பா பக்கத்திலுள்ளவரைப் பார்த்துச் சிரிக்கிறாரே, அங்கே அப்போது ஒருவரும் கிடையாது. இன்னும் சிறிது நேரம் கழித்துத் தாமே அங்கு உட்காரப்போகிறோம், எங்கே உட்காருவோம், எந்தத் தாளத்தில் தலையை நிமிர்த்துவோம் என்பதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு, காலியிடத்தைப் பார்த்து அவர் சிரித்திருக்கவேண்டும். புதுக்கோட்டைக்காரரான சின்னப்பா பிள்ளைப் பிராயத்திலேயே நாடகக் கம்பெனியில் பயின்றவர். குரலும் லயமும் அவருக்குச் சொந்தம். அவை இல்லாதவரை வைத்து அந்த அட்டையை எத்தனை முறை மாற்றினாலும் கச்சேரி நடந்திராது.

இந்த வித்தை அவருக்குப் புதிதும் அன்று. 1940-லேயே சேலம் மாடர்ன் தியேட்டர்ஸாரின் 'உத்தம புத்திர'னில் இரட்டையர்களாக வந்து, தமிழ்ப் படங்களில் இரட்டை வேஷத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் அவர். இரண்டில் ஆரம்பித்து நான்கே வருஷத்தில் ஐந்துக்கு வந்துவிட்டார்.

கோயமுத்தூரும் சேலமும் இந்த வேலையில் முன்னால் நின்றது தற்செயலா? நாம் அப்படி நினைக்கவில்லை. சொந்த ஊர் அபிமானம் என்று நேயர்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டுப் போகட்டும். 1905-ஆம் வருஷத்தில் ரயில்வே உத்தியோகத்திலிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்னும் கோயமுத்தூர் வாலிபர், டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் இயந்திரத்தை விலைக்கு வாங்கினார். உத்தியோகத்தைத் துறந்து, கூடாரத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் புறப்பட்டார். 1914-ல் நமது ஊரில் அவர் கட்டிய வெரைட்டி ஹாலின் பெயர் சாலைக்கு நிலைத்துவிட்டது. அந்த இடத்தில் இப்போது படம் ஓடுவதில்லை. பெயரை மட்டும் பஸ் கண்டக்டர்கள் இன்னும் கூவிக்கொண்டிருக்கிறார்கள்.

பிறகு 1930-களின் நடுவில் சிங்காநல்லூர்ப் பக்கம் திருச்சி ரோடில் ஸென்ட்ரல் ஸ்டுடியோ எழுந்தது. தியாகராஜ பாகவதரின் 'சிவகவி'யும் 'ஹரிதா'ஸும் அங்கே உருவாயின. 1947-ல் எம். ஜி. ராமச்சந்திரன் முதன்முதலாகக் கதாநாயகனாக வந்த 'ராஜகுமாரி'யும் அங்கேதான். 1945-ல் ஸ்ரீராமுலு நாயுடு, கந்தன் ஸ்டுடியோ என்றிருந்ததை வாங்கிப் புலியகுளத்தில் பக்ஷிராஜாவை நிறுவினார். சேலத்தில் ஏற்காட்டு மலையடிவாரத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ். அதன் அதிபர் டி. ஆர். சுந்தரம் திருச்செங்கோட்டுக்காரர், இங்கிலாந்துக்குப் போய் நெசவுத் தொழில் படித்துத் திரும்பியவர். பாவுக்கும் ஊடைக்கும் கணக்குத் தெரிந்த மனிதர்.

இந்தப் பிரதேசத்தில் பிறந்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எந்த இயந்திரத்தைக் கண்டாலும் மூடியைத் திறந்து பார்க்காமல் இருக்கமாட்டான். கவலை கட்டி இறைத்த கிணற்றில் மின்சாரப் பம்பு வந்ததும், அதைப் பிரித்துப் பார்த்து நாமே செய்தால் என்னவென்று கடைசல் பட்டறை வைத்தவர்கள் நம்மவர்கள். ஜி. டி. நாயுடு பிறந்த ஊரல்லவா? நமது தகப்பனார் ஒரு மில்லில் பிட்டராக வேலை பார்த்தவர். டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்துகொண்டு அவரோடு படம் பார்ப்பது தனி அனுபவம். திரையில் நாரதர் ஆகாயத்திலிருந்து இறங்குவார். சுற்றியிருக்கும் தாய்மார்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். தகப்பனாரோ நமது காதருகே குனிந்து, "மேலே இரண்டு கப்பி போட்டிருக்கான். இடது பக்கக் கயிறு கொஞ்சம் தளர்ச்சி, பார்த்தாயா, சாய்ந்து இறங்குகிறார்" என்பார். நாரதர் பத்திரமாகத் தரையைத் தொட்டதும், கயிறு பிடித்தவனுக்காக ஒரு பெருமூச்சு விடுவார். அவருக்குப் பக்தி இல்லை என்று எண்ணவேண்டாம். நாரதரிடத்தில் ஒரு பங்கு, கப்பியிடத்தில் ஒரு பங்கு என்று பிரித்து வைத்திருந்தார்.

நமது சினிமா ருசி அந்த மணலில் உண்டானது. அதற்காகப் பழைய தந்திரமெல்லாம் சிறந்தது என்று சாதிக்க நாம் தயாராயில்லை. அட்டைச் சந்திரனில் ஆணி தெரிந்ததுண்டு. அரக்கனுடைய கோரைப் பல் வசனத்தின் நடுவில் கழன்று விழுந்ததுண்டு. இதற்கெல்லாம் சிகரமாக நாம் கருதுவது 1952-ல் வந்த 'காடு'. ஆங்கிலத்தில் 'தி ஜங்கிள்' என்று பெயர். மாடர்ன் தியேட்டர்ஸார் அமெரிக்காவின் லிப்பர்ட் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து எடுத்தது. ராட் காமெரான், ஸீஸர் ரொமேரோ, மேரி விண்ட்ஸர் ஆகிய ஹாலிவுட் நட்சத்திரங்கள் நடித்தார்கள். காட்டு யானைகள் ஏன் மிரண்டு ஊர்களுக்குள் பாய்கின்றன என்று துப்பறியப் போகிறார்கள். காரணம் என்னவென்றால், பூமியிலிருந்து பல்லாயிரம் வருஷங்களுக்கு முன்பே மறைந்துபோன சடை யானை மந்தை ஒன்று அந்தக் காட்டில் உயிரோடிருக்கிறது!

சடை யானைக்கு எங்கே போவது? அமெரிக்காவிலும் கிடையாது, ஆனைமலையிலும் கிடையாது. ஆகவே நம் நாட்டு யானைகளுக்கே சடை சடையாக ரோமப் போர்வை போர்த்தி, பொய்த் தந்தங்களைப் பொருத்தி நடக்கவிட்டார்கள். நமது பக்கத்துச் சித்திரை வெயிலை நினைத்துக்கொண்டு அந்தப் போர்வையை நினைத்துப் பாருங்கள். ஐயோ பாவம், எதற்காகத் தங்களுக்குக் கம்பளி என்று விளங்காமல், கல்யாண வீட்டில் புதுச் சட்டை போட்ட பெரியவர்களைப்போல் அவை கூச்சத்துடன் நடந்து வருகின்றன. ஒருவரையும் ஏமாற்றக்கூடிய காட்சியல்ல. ஆயினும் யானை யானைதான். காலை ஊன்றும்போது மண் அமுங்குகிறது. புதர் ஒடிகிறது. நடிகர்கள் பின்வாங்கும்போது அவர்கள் காலில் ஓர் உண்மையான அவசரம் தெரிகிறது. போர்வையைப் பார்த்துச் சிரிக்கிற நாம், அதற்குள்ளிருக்கும் பாரத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

பாரம் என்ற இந்தச் சொல்லில்தான் நமது கட்சி முழுவதும் அடங்கியிருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. கணினியில் வரைந்த ஜந்து எவ்வளவு பெரியதாயிருந்தாலும் சில படங்களில் அதற்குப் பாரம் இருப்பதில்லை. ஓங்கி மிதிக்கிறது, பூமி அதை உணர்ந்த மாதிரி தெரியவில்லை. மழையில் நனைகிறது, நனைந்த பின் கனக்கவில்லை. நடிகர் பாவம் பச்சைத் துணிக்கு நடுவே நின்றுகொண்டு, குச்சி நுனியில் கட்டிய பந்தைப் பார்த்து நடுங்கவேண்டியிருக்கிறது. பந்தைப் பார்த்து எவ்வளவுதான் நடுங்கமுடியும்? அவர் பார்வை ஓரிடம், ஜந்துவின் முகம் ஓரிடம். வாழ்நாள் முழுவதும் பொதி சுமந்தவனும், தறியில் உட்கார்ந்தவனும், இரும்பைக் கடைசல் பிடித்தவனும் இதைப் படிப்பில்லாமலே கண்டுகொள்வான். எங்கே தவறென்று அவனால் சொல்ல முடியாமலிருக்கலாம். கொட்டாவி விடுவான்.

சின்னப்பாவும் காலியிடத்தைப் பார்த்துத்தானே சிரித்தார், அதற்கு என்ன சொல்கிறீர் என்று நேயர்கள் மடக்கலாம். பேரனும் மடக்கினான். சின்னப்பா பார்த்த காலியிடத்தை நிரப்பப்போகிறவரும் சின்னப்பாவே. அதே விளக்கின் கீழ், அதே பாயில், அதே நாள் உஷ்ணத்தில் அவர் வந்து உட்கார்ந்தார். பந்தைப் பார்க்கிற நடிகருக்கோ, அந்த இடத்தில் என்ன வரப்போகிறதென்று பல மாதங்களுக்கு அப்புறம் வேறொரு நகரத்தில் வேறொருவர் தீர்மானம் செய்கிறார்.

இந்த வித்தியாசத்தை நன்றாக அறிந்தவர்களில் ஒருவர் கமல்ஹாசன். 1989-ல் ஸிங்கீதம் ஸ்ரீனிவாஸ ராவின் டைரக்ஷனில் 'அபூர்வ சகோதரர்க'ளில் குள்ள அப்புவாக வந்தாரே, அதில் கணினிக்கு வேலையே இல்லை. முழங்காலை மடித்துக் கட்டி, முழங்காலில் விசேஷமான ஜோடுகளை மாட்டிக்கொண்டு நடந்தார். சில காட்சிகளில் தரையில் பள்ளம் வெட்டி அதற்குள் நின்றார். அப்பு ஓடும்போது அந்த ஓட்டத்தில் ஒரு சிரமம் தெரிகிறது. அந்தச் சிரமம் பாத்திரத்தின் துக்கத்தோடு கலந்து நம்மை வருத்துகிறது. அதே பெயரில் 1949-ல் ஜெமினியார் எடுத்த படத்தில் எம். கே. ராதா இரட்டையராக வந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மார்க்கஸ் பார்ட்லி ஒளிப்பதிவு செய்த 1957-ஆம் வருஷத்து 'மாயாபஜா'ரில் லட்டுகள் தாமே எழுந்து கடோத்கஜன் வாய்க்குள் போவதை இன்றைக்குக் காட்டினாலும் நமது பேத்தி மறுபடி போடச் சொல்கிறாள்.

கணினி வந்த பிறகும் கைவேலை அடியோடு போய்விடவில்லை. 2010-ல் வந்த 'எந்திர'னுக்கு அமெரிக்காவிலுள்ள லெகஸி எபெக்ட்ஸ் என்னும் கம்பெனியார் இயந்திர பொம்மைகளைச் செய்து கொடுத்தார்கள். கணினிச் சித்திரமும் சேர்ந்தது. எது பொம்மை, எது சித்திரம், எது ரஜினிகாந்த் என்று தெரியாத இடங்களில் படம் நன்றாயிருந்தது. நாலு வருஷம் கழித்து வந்த 'கோச்சடைய'னில் நடிகர்களின் அசைவை மட்டும் பதிவு செய்துகொண்டு மற்ற யாவற்றையும் கணினியில் எழுதினார்கள். ரஜினிகாந்துடைய முகம் இருந்தது. அந்த முகத்தில் வியர்வை இல்லை. நமக்கு மனம் ஒட்டவில்லை. ரஸிகர்கள் மன்னிக்கவேண்டும்.

இவ்வளவு தூரம் நமது கட்சியைப் பேசியாயிற்று. இனி மறு கட்சியையும் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டால் நாம் நேர்மையானவர் அல்ல.

நமது ஊர் சாண்டோ சின்னப்பா தேவரை எடுத்துக்கொள்வோம். 1915-ல் கோயமுத்தூரில் பிறந்து, மில்லில் வேலை பார்த்து, தேகப்பயிற்சியில் பெயரெடுத்து, 'ராஜகுமாரி'யில் எம். ஜி. ராமச்சந்திரனோடு மல்லுக்கு நின்றவர். 1956-ல் 'தாய்க்குப் பின் தார'த்தோடு சொந்தக் கம்பெனி ஆரம்பித்தார். அதில் கதாநாயகனுக்குச் சமமான பாத்திரம் ஒரு காளை. அதன் பிறகு யானை, பசு, பாம்பு, ஆடு என்று அவர் படத்தில் நடிக்காத பிராணி குறைவு. 1967-ல் 'தெய்வச் செயல்' எடுத்தார். தமிழில் அது சோபிக்கவில்லை. மனம் தளராமல் அதே கதையை 1971-ல் 'ஹாத்தி மேரே ஸாத்தி' என்று ஹிந்தியில் எடுத்து, இந்தியா முழுவதையும் ஒரு யானைக்காக அழவைத்தார். அடுத்த வருஷமே அது 'நல்ல நேர'மாகத் தமிழுக்குத் திரும்பி வந்தது. வாலிபப் பருவத்தில் இந்தப் படங்களை நாம் எத்தனை முறை பார்த்திருப்போம்! நிஜ யானையின் துதிக்கையை ஒரு குழந்தையின் அருகில் கண்டபோது நெஞ்சு அடித்துக்கொண்டதே, அந்த அடிப்பை எந்தக் கணினியும் நமக்குத் தந்ததில்லை.

ஆனால் அந்த யானையை யாராவது கேட்டார்களா? பொதுவாகப் படங்களுக்கென்று பிராணிகளைப் பழக்குகிற விதத்தை இன்று நாம் அறிந்திருக்கிறோம். அங்குசமும் பட்டினியும் பயமும் அதில் எவ்வளவு பங்கு கொள்கின்றன என்பதை அறிந்த பிறகு, பழைய கைதட்டல்களில் சிலவற்றைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமானால் வாங்கிக்கொள்வோம். கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகிய ஐந்தையும் வித்தை காட்டப் பழக்கக்கூடாதென்று 1998-ல் இந்திய அரசாங்கம் உத்தரவிட்டது. 2001-ல் வந்த விதிகளின்படி மற்றப் பிராணிகளை நடிக்கவைப்பதற்கும் அனுமதி பெறவேண்டும். இதனால்தான் இப்போது திரையில் ஒரு மாடு தலையை நீட்டினாலும் மூலையில் 'ஸி.ஜி.ஐ.' என்று மூன்று ஆங்கில எழுத்து முளைக்கிறது. கதை ஓடிக்கொண்டிருக்கும்போது இது பொய் மாடு, பொய் மாடு என்று பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் சொல்லிக்கொண்டிருப்பது போல் எரிச்சலாயிருக்கிறது. எரிச்சல் நமக்குத்தானே, அடி மாட்டுக்கு இல்லையே என்று சமாதானம் செய்துகொள்ளவேண்டியதுதான்.

2012-ல் ஆங் லீ எடுத்த 'லைப் ஆப் பை' படத்தில் புதுச்சேரிப் பையனோடு படகில் ஒரு புலி வருகிறது. சில இடங்களில் நிஜப் புலி. பெரும்பாலும் கணினிப் புலி. நாம் அந்தப் படத்தில் தூங்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். அந்தப் புலிக்குப் பாரம் இருந்தது. நனைந்தபோது கனத்தது. பசியில் அதன் தோள் எலும்பு தெரிந்தது. நிஜப் புலிகளை மாதக்கணக்காக உற்றுப் பார்த்து, ரோமம் ரோமமாக அதை எழுதியிருக்கிறார்கள். ஆகவே பழுது கணினியில் இல்லை, அவசரத்திலும் சோம்பலிலும் இருக்கிறது என்று பேரன் வாதாடினால் பாதி தோற்றுவிடுவோம். அந்தப் புலியைப் படைத்த ரிதம் அண்ட் ஹ்யூஸ் கம்பெனி 2013 பிப்ரவரியில் திவாலாயிற்று. அதே மாதத்தில் அதற்கு ஆஸ்கார் பரிசும் கிடைத்தது. விளக்கை மூடிய அறைகளில் இரவு பகலாக உட்கார்ந்து வேலை செய்யும் அந்த இளைஞர்களின் பெயர்கள் படம் முடிந்ததும் நூற்றுக்கணக்கில் ஓடுகின்றன. நாமெல்லாம் அதற்குள் எழுந்து வண்டி நிறுத்திய இடத்தைத் தேடிப் போய்விடுகிறோம். கயிறு பிடித்தவனுக்காகப் பெருமூச்சு விட்ட நமது தகப்பனார் இருந்திருந்தால் கடைசிப் பெயர் வரையில் உட்கார்ந்திருப்பார்.

மனித உயிரையும் பற்றிச் சொல்லவேண்டும். 2025 ஜூலை மாதம் நாகப்பட்டினம் ஜில்லாவில் ஒரு படப்பிடிப்பு. சண்டைக் கலைஞர் ஒருவர் காரை வேகமாக ஓட்டிக்கொண்டு வந்து ஏற்றத்தில் பாய்ந்து புரளவேண்டும். புரண்டது. அவர் உயிரோடு வெளியே வரவில்லை. பல வருஷம் இதே தொழிலில் தேர்ந்தவர். செய்தி வந்த அன்று பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். எதிர்த்த வீட்டு நண்பர் நமது கட்சியைச் சேர்ந்தவர். நிஜமான சண்டை, நிஜமான பாய்ச்சல் என்றால் உயிரை விடுவார். அன்று அவர் வந்து திண்ணையில் உட்கார்ந்து, "நாம கைதட்டறதுக்குத்தானுங்களே அவுங்க குதிக்கறாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அன்று முதல் நமது ருசிக்கு ஒரு வேலி போட்டுக்கொண்டோம். ஓர் உயிர் அஞ்சவேண்டிய இடமென்றால் கணினி வரட்டும், எவ்வளவு பொய்யாயிருந்தாலும் வரட்டும், நாம் முணுமுணுக்கமாட்டோம். உழைப்பும் பொறுமையும் மட்டும் வேண்டிய இடத்தில் மனிதர்கள் கையால் செய்யட்டும். மழைக்கு நீர் தெளிக்கலாம். மாளிகைக்கு மரமும் சுண்ணாம்பும் கொண்டு வரலாம். ஐம்பது பேர் வேண்டுமானால் ஐம்பது பேருக்குச் சாப்பாடு போட்டு அழைக்கலாம். ஒரு காலிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வரும் கதாநாயகிக்குக் கணினியில் தண்ணீர் நிரப்புவதைவிட, குடத்தில் தண்ணீரே நிரப்பிவிடலாம். அவள் இடுப்பு தானாக வளையும்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பேரன் தீர்மானத்தை வாபஸ் வாங்கவில்லை. ஒத்திவைத்திருக்கிறான். மறுநாள் காலையில் கைப்பேசியை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனான். ஒரு பித்தானை அமுக்கினால் தங்கையைக் கட்டைவிரல் அளவாக்கிவிடக்கூடிய உபாயம் அந்தக் கைப்பேசியிலேயே இருக்கிறதாம். அது வேண்டாம் என்று தானே சொல்லிவிட்டான். சமையலறையிலிருந்து இட்லிக் குண்டாவை எடுத்துப்போய் முக்காலிமேல் வைத்தான். தங்கையை மாடியின் கோடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினான். கைப்பேசியைத் தரையோடு தரையாகச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அவள் குண்டாவின் விளிம்பில் நிற்பதுபோல் தெரியும்படி அதை அங்குலம் அங்குலமாக நகர்த்தினான். முதல் தடவை அவள் கால் குண்டாவுக்கு வெளியே தொங்கிற்று. இரண்டாம் தடவை காற்றில் பாவாடை பறந்து கெடுத்துவிட்டது. மூன்றாம் தடவை நிழல் எதிர்ப்பக்கம் விழுகிறதென்று, வெயில் திரும்பும் வரையில் காத்திருக்கவேண்டும் என்று உத்தரவிட்டான். நாம் முக்காலியின் ஆட்டத்தை நிறுத்த ஒரு காலுக்கு அடியில் மடித்த காகிதத்தை வைத்துக்கொண்டிருந்தோம். இல்லத்தரசியார் மாடிப்படியில் நின்று, இட்லிக்கு மாவு ஊற்றவேண்டிய குண்டா எங்கே என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர்த் தொட்டியின் பக்கத்திலிருந்து பேத்தியின் குரல் வந்தது: "இன்னும் எத்தன நேரமுங்க அப்புச்சி அசையாம நிக்கோணும்?"